விளக்குக் காவலர் பிள்ளைகளின் பணம்

வெர்னா ஹாஸ்கெல் அந்தப் பல்கலைக்கழகத்தின் நன்கொடைப் பிரிவில் இருபத்தாறு வருடங்களாக ஒரே வேலையைத்தான் பார்த்துவந்தாள். அறக்கட்டளை வைத்தவர்களின் வாரிசுகளுக்கு, உங்கள் பணத்தால் இன்னார் படிக்கிறார் என்று ஆண்டுதோறும் கடிதம் எழுதுவது. பல்கலைக்கழகத்திடம் இரண்டாயிரம் கோடி டாலர் இருந்தது. ஆனால் அது நாலாயிரம் அறக்கட்டளைகளாகச் சிதறி, ஒவ்வொன்றும் ஒரு நிபந்தனையோடு கிடந்தது.

ஒன்றில் மட்டும், இன்னார் படிக்கிறார் என்று எழுத ஒரு மாணவர்கூட இல்லை. கலங்கரை விளக்கக் காவலர்களின் பிள்ளைகள் படிக்க, ஒரு கப்பல் முதலாளி நூறாண்டுக்கு முன்பு வைத்தது. விளக்குகள் தாமாக எரியத் தொடங்கி, காவலர் வேலையே ஒழிந்துபோயிற்று. பணம் மட்டும் குட்டி போட்டுக்கொண்டிருந்தது.

ஒரு பிப்ரவரியில் அந்தப் பணத்தைக் கேட்டு மூன்றாமாண்டு மாணவி ஒடீல் திபோடோ வந்து நின்றாள். மெயின் மாநிலக் கடற்கரையில் சிங்கி இறால் பிடித்தவரின் மகள். அப்பாவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை; படகை விற்றார்கள். விற்ற பணத்தை வருமானமென்று எடுத்துக்கொண்டு, பல்கலைக்கழகம் அவளுடைய உதவித்தொகையைப் பாதியாகக் குறைத்துவிட்டது.

"எங்கப்பா முப்பது வருஷம் அந்த வெளக்கப் பாத்துத்தானே வீடு திரும்புனாரு. அது சேராதா, வெர்னா?"

"காவலரோட புள்ளைன்னு எழுதியிருக்கேம்மா."

"பணத்த வச்சிட்டுச் செத்தவருக்கு இருக்கற மரியாதை எனக்கில்ல, அப்படித்தானே?"

வெர்னாவுக்குச் சுருக்கென்றது. பல்கலைக்கழகத்தின் வக்கீலைப் பார்த்தாள். வாரிசு கையெழுத்துப் போட்டால் நீதிமன்றத்தில் நிபந்தனையை மாற்றலாம் என்றார் அவர். விடுப்பு எடுத்துக்கொண்டு, ஐந்து மணி நேரம் பனியில் காரோட்டி, வெர்மான்ட் மாநிலத்து முதியோர் இல்லமொன்றில் இருந்த கப்பல் முதலாளியின் கொள்ளுப்பேரனைக் கண்டுபிடித்தாள்.

"எங்க கொள்ளுத்தாத்தாவுக்குப் படிச்சவங்களக் கண்டாலே ஆகாது. கொண்டா, போட்டுத் தொலைக்கறேன்," என்று சிரித்தபடி அவர் கையெழுத்திட்டார்.

ஆகஸ்டில் கட்டணக் கெடு வந்தது. பல்கலைக்கழகம் போட்ட வழக்கு இன்னும் விசாரணைக்கே வரவில்லை. ஒடீல் பெட்டியைக் கட்டினாள்.

தீர்ப்பு வர மேலும் இரண்டரை வருடமாயிற்று. 'கடல் சார்ந்த கல்விக்கு' என்று நிபந்தனை தளர்ந்தது. அறங்காவலர் குழு முழுப் பணத்தையும் புதிய கடல் ஆய்வுக்கூடத்துக்கு ஒதுக்கியது.

"புள்ளைங்க கட்டணத்துக்குன்னுதானே மனுப் போட்டோம்?" என்று வெர்னா மேலதிகாரியிடம் கேட்டாள்.

"ஆய்வுக்கூடத்துல யாரு இருக்கப்போறாங்க? புள்ளைங்கதானே?"

அன்று மதியம் ஒடீலைத் தொலைபேசியில் அழைத்தாள். தான் வேலை பார்த்த இறால் உரிக்கும் ஆலையின் இரைச்சலுக்கு நடுவே வெர்னா சொன்னதையெல்லாம் ஒடீல் கேட்டுக்கொண்டாள்.

"கோபமெல்லாம் இல்ல, வெர்னா. மணி அடிச்சிருச்சு, நான் உள்ள போகணும். அப்பறம் கூப்பிடறேன்."

அவள் கூப்பிடவில்லை. வெர்னாவும்தான்.