காட்டுக்கு அனுப்பிய சித்தி

இருபது வருடமாக அந்த டப்பிங் ஸ்டுடியோவில் கொடுமைக்காரச் சித்தி என்றால் அவள் குரல்தான். எல்லோரும் அவளைச் சித்தி என்றே கூப்பிட்டார்கள். பழைய தேவதைக் கதைப் படங்களில் வேலை சுலபம். பிள்ளைகள் இரண்டையும் காட்டில் விட்டுவரச் சொல்லிப் புருஷனை விரட்ட வேண்டும், கடைசியில் செத்துப்போக வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம்.

இப்போது அதே கதையைப் புதிதாக எடுத்திருந்தார்கள். இந்தச் சித்திக்குச் சின்ன வயதில் பட்ட கஷ்டம் உண்டு, ஒரு சோகப் பாட்டு உண்டு, மனம் திருந்தவே நாற்பது நிமிடம் உண்டு. மூன்று நாள் மைக் முன்னால் அழுது அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"இப்பல்லாம் யாரையும் சும்மா கெட்டவங்களா காட்ட முடியாது சித்தி," என்றார் டப்பிங் டைரக்டர். "எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கணும்."

"சரி தம்பி. பிள்ளைங்கள கையப் புடிச்சு காட்டுக்குக் கூட்டிட்டுப் போனது அப்பன்தானே? அவனுக்கு என்ன காரணம்?"

டைரக்டர் வசனத் தாளைப் புரட்டிப் பார்த்தார். பழைய படத்தில் அப்பாவுக்கு "ம்" என்று ஒரே வசனம். கடைசியில் பிள்ளைகளைக் கட்டிக்கொள்வார். புதிய படத்திலும் அதே "ம்"தான். கட்டிக்கொள்வது மட்டும் மழையில்.

வீட்டுக்கு வந்து கம்மிய குரலில் புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்க."

அவர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "ம்" என்றார்.

முதல் டேக்கிலேயே ஓகே.