சிவப்பு பிளக் பாயின்ட்

உப்பல் வீட்டில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் இருக்கிறது. சிவப்பு பெயின்ட் அடித்தது. பேத்தி அதில்தான் போனுக்கு சார்ஜ் போடுகிறாள். பழைய ஆபீஸ் கட்டடத்தை இடித்தபோது கேட்டு வாங்கி வந்தேன். ஏன் வாங்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

அந்த ஆபீஸில் நான் வயர்மேன். கம்ப்யூட்டர் ரூமைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மேடம். அப்போது கம்ப்யூட்டர் என்றால் பீரோ பீரோவாக நிற்கும். டிஸ்க் இரண்டு, ஒவ்வொன்றும் துணி துவைக்கும் மிஷின் அளவு. காலையில் மேடம் ஒன்றைப் போடுவார். அது உறுமி, சத்தம் சமமாகும்வரை மேலே கை வைத்து நிற்பார். பிறகுதான் அடுத்தது. சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். அந்த லைனில் இருந்த பிளக் பாயின்டில் வேறு எதையும் மாட்டக் கூடாது. சிவப்பு பெயின்ட் அதற்குத்தான்.

பக்கத்து ஹாலில் டைப்பிஸ்டுகள். அவர்கள் லைனில் ஏற்கெனவே லோடு அதிகம். கூலர் வாங்கி வைத்தும் மாட்ட வழியில்லை. ஒவ்வொரு மே மாதமும் சிவப்பு பாயின்டைக் கேட்பார்கள். மேடம் தரமாட்டார். ஒரு வருஷம் வெக்கையில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். மெட்டுகுடாவில் பிறந்து வளர்ந்த, வேண்டாம் என்பதை உருதுவில் 'நக்கோ' என்றே சொல்லும் டைப்பிஸ்ட் அக்கா நேராகவே வந்து கேட்டார்.

"மிஷினுக்கு ஏசி, எங்களுக்கு கூலர்கூட நக்கோவா மேடம்?"

மேடம் டிஸ்க் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மீட்டர் வைத்துப் பார்த்தேன். மிஷினில் எழுதியிருந்த கரண்டில் பாதிகூட அது இழுக்கவில்லை. மேடமிடம் சொன்னேன்.

"ஓடும்போது பாக்காதீங்க. எந்திரிக்கும்போது எவ்வளவு கேக்குதுன்னு பாருங்க" என்றார். கூலர் மோட்டார் ஒரு இழு இழுத்தால் டிஸ்க் தடுமாறும், உள்ளே இருக்கும் கணக்கெல்லாம் போய்விடும் என்றார். நம்பினேன்.

அவர் ரிட்டயர் ஆனதுகூட ஒரு மே மாதக் கடைசியில்தான். மாலை போட்டு, டீ குடித்து, எல்லாம் முடிந்தது. பிரின்டரில் சம்பளப் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. மேடம் என்னைக் கூப்பிட்டு, கூலர் வயரை உள்ளே இழுத்து சிவப்பில் மாட்டச் சொன்னார். மிஷினை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம். ஓடட்டும்."

மாட்டினேன். பிரேக்கர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். சுவிட்சை அவரே போட்டார். லைட் ஒரு தரம் மங்கியது. கூலர் சுற்றியது. டிஸ்க் சத்தம் மாறவில்லை. பிரின்டரும் நிற்கவில்லை. ஹாலில் யாரோ கை தட்டினார்கள். மேடம் டிஸ்க் மேல் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"அவ்வளவுதானா" என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அன்று மிஷின் நின்றிருந்தால், எழுப்ப அவரைத் தவிர ஆள் கிடையாது. மறுநாளும் அவரைக் கூப்பிட்டிருப்பார்கள். அதை நினைத்தாரா? அந்த 'அவ்வளவுதானா'வைச் சந்தோஷமாகச் சொன்னாரா, வேறு மாதிரியா? முகத்தை நான் பார்க்கவில்லை. பிரேக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று பேத்தி சார்ஜரை மாட்டினாள். சத்தமே இல்லை. அதன் மேல் கை வைத்துப் பார்த்தேன்.

"க்யா ஹுவா தாத்தா?" என்றாள்.

ஒன்றுமில்லை என்றேன்.