அவர் கேப்டன் இல்லை

பெருமாள்சாமி இறந்த செய்தி ஏலக்காய் ஏற்றும் ஜீப்பில் வந்தது. காலை ஏழு மணி. பையன்கள் கவாத்து முடித்துக் கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள். ஜீப்பை ஓட்டிவந்த முருகன் எங்கள் முகாமில் தங்கிப் படித்துப் போனவன். இன்ஜினை அணைக்காமலே இறங்கினான்.

"சார், கேப்டன் போயிட்டாரு. முந்தாநாள் சாயங்காலம். நெஞ்சுச் சளிதான்னு சொன்னாய்ங்க."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கஞ்சி குடித்துவிட்டுப் போகச் சொல்லியிருப்பேன்.

அவரை அறிந்தவர்களுக்கு இந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குரங்கணிக்கு மேலே, ஏலக்காய் காயவைத்த பழைய ஸ்டோர். உங்களில் பலர் இங்கே தங்கியவர்கள். அல்லது படிப்பை விட்ட, வீட்டில் நிற்காத, லாரிகளில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓடிய பிள்ளையை இங்கே கொண்டுவந்து விட்டவர்கள். ஐந்து மணிக்கு விசில். ஓட்டம், கவாத்து, பிறகு பாடம். கவாத்துக்கு அவர். பாடத்துக்கு நான், எம்.ஏ. முடித்து வேலையில்லாமல் மலையேறியவன்.

நான் இங்கே வந்த முதல் வாரம். கீழேயிருந்து அரிசி சுமந்து ஏறும்போது தேவாரம் ஊர்ப் பையன் ஒருவன் பாதையின் குறுக்கே உட்கார்ந்துவிட்டான். இனி ஓர் அடி வைக்கமாட்டேன் என்றான். நான் அதட்டினேன். பெருமாள்சாமி மூட்டையைத் தன் பக்கம் நகர்த்திவிட்டு, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். பீடி தீரும் முன்பே அவன் எழுந்தான்.

"நின்ன கழுதை எதைப் பாத்து மெரண்டுச்சுன்னு பாக்கணும் சார்," என்றார். "அடிச்சம்னா நம்ம லோடுதான் பள்ளத்துல கெடக்கும்."

நல்ல உவமை என்று அன்றைக்கு நோட்டில் எழுதி வைத்தேன். அவர் தான் பார்த்த வேலையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவசரநிலை முடிந்த சமயம். ஆட்களை அடைத்துவைக்கும் இடம் என்றாலே எல்லோருக்கும் கசந்தது. பையன்களைப் பிடித்துவைத்துச் சித்திரவதை செய்வதாக யாரோ மனுப் போட்டார்கள். ஸ்டோரைத் தந்திருந்த எஸ்டேட் முதலாளி பயந்துபோனார். அரசு அங்கீகாரம் வாங்குங்கள், இல்லையென்றால் காலி செய்யுங்கள் என்றார்.

விண்ணப்பத்தை நான் எழுதினேன். ஆங்கிலத்தில். பயிற்சியாளரின் தகுதி என்ற இடத்தில் ஓய்வுபெற்ற ராணுவ கேப்டன் என்று எழுதினேன். போடியிலிருந்து மேலே வரைக்கும் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கையெழுத்துக்கு முன் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"சார், நான் கேப்டன் இல்ல."

"இந்த அடக்கம்தாண்ணே உங்ககிட்டப் பிடிச்சது."

"அடக்கமில்ல சார். நெசமாத்தான்."

"சரிண்ணே, வெரசாப் போடுங்க. நாலு மணி பஸ்சப் பிடிக்கணும்."

என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். படித்தவன், தெரியாமலா எழுதுவான் என்று நினைத்திருக்கலாம். போட்டார்.

அரசிலிருந்து விசாரிக்க மூவர் வந்தார்கள். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற மேஜர். அணிவகுப்பைப் பார்த்து அவருக்கு மகிழ்ச்சி. கைகுலுக்கிவிட்டு, "எந்த ரெஜிமென்ட், கேப்டன்?" என்றார்.

பெருமாள்சாமி விறைப்பாக நின்றார். "கேப்டன் இல்லீங்கய்யா. சிப்பாய். கழுதைப் பிரிவு. பனி மலையில கோவேறு கழுதைய ஓட்டிக்கிட்டு லோடு கொண்டு போற சோலி."

வரிசையில் ஒரு பையன் சிரித்தான். மேஜர் சிரிக்கவில்லை. காகிதத்தை எடுத்தார்.

"பின்னே இதுல எழுதியிருக்கே?"

"கையெழுத்து என்னோடதுதாங்கய்யா."

எழுதியது யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டடி பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

முகாமை மூடிவிடலாம் என்றுதான் முதலில் முடிவாயிற்று. போடியில் பெற்றோரைக் கூட்டினார்கள். ஏலக்காய்த் தோட்டத்தில் காய் பறிக்கும் ஓர் அம்மா எழுந்தார். "எம்புள்ள அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறான். தட்டக் கழுவி வைக்கிறான். இவரு எந்தப் படையில இருந்தா எனக்கென்னய்யா?" என்றார். கூட்டம் கைதட்டியது. மூவரும் தனியே பேசிவிட்டு வந்தார்கள். முகாம் இருக்கலாம். பொய்த் தகுதி காட்டிய ஆள் இருக்கக்கூடாது.

அன்று சாயங்காலம் அவரிடம் போனேன்.

"நான்தான் எழுதினேன்னு சொல்லிர்றேண்ணே."

அவர் டிரங்குப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "சொன்னா ரெண்டு பேரையும் அனுப்புவாய்ங்க. கவாத்துக்கு இன்னொரு ஆளு கெடப்பான். இந்தச் சம்பளத்துக்கு மலையேறி வந்து பாடம் சொல்ல எவன் வருவான்? பயலுகளுக்குப் பரிச்ச இருக்கு."

"என் தப்புண்ணே."

"தப்புத்தான் சார். இல்லேன்னு சொல்லமாட்டேன்."

முடிச்சை இறுக்கினார்.

அதன்பின் குரங்கணியில் எஸ்டேட் கழுதைகளை ஓட்டினார். காலை ஓட்டத்தில் பையன்கள் எதிரே வந்தால் கழுதைகளைப் பாதையோரம் ஒதுக்கிவிட்டு, மூட்டைக் கயிற்றைச் சரிபார்ப்பதுபோல் திரும்பி நிற்பார். ஏன் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"பாத்தா சல்யூட் அடிப்பாய்ங்க. புதுக் கவாத்து வாத்தியார் முட்டி போடச் சொல்லுவாரு. எதுக்கு?"

இப்படிப் பல வருடம்.

முருகனின் ஜீப்பிலேயே கீழே இறங்கினேன். அடக்கம் முடிந்து ஆட்கள் வாசலில் இருந்தார்கள். அவர் மனைவியை அதற்கு முன் பார்த்ததில்லை. நான் யார் என்று முருகன் சொன்னதும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த எம்.ஏ. சாரா? ஒங்களப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பாரு. நல்லா எழுதுவாருன்னு."

நடந்தது எதுவும் அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. இத்தனை வருடம் பெருமாள்சாமி வீட்டில்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார். விண்ணப்பத்தில் அவரைக் கேப்டன் என்று எழுதியது நான் என்றேன். எல்லோர் முன்பும் சொன்னேன். முருகன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவரு உங்ககிட்டச் சொல்லலையா சார், கேப்டன் இல்லேன்னு?"

"சொன்னார்மா. நான் நம்பல."

"அவரு பொய் சொல்லமாட்டாரே," என்றார். கோபமில்லை. எனக்கு ஒரு தகவல் சொல்வதுபோல்தான் சொன்னார்.

உங்களில் பலர் இன்னும் அவர் ஏமாற்றியதாக நினைக்கிறீர்கள். சிலர் மன்னித்ததாகவும் நினைக்கிறீர்கள். மன்னிக்க அவரிடம் ஒன்றுமில்லை. அவர் இரண்டு முறை உண்மை சொன்னார். ஒரு முறை என்னிடம், ஒரு முறை மேஜரிடம்.

முகாம் நடக்கிறது. அவருடையதாக என்னிடம் இருப்பது பாடம் சொல்லும் இந்த வேலை ஒன்றுதான். பையன்களுக்காக அவர் என்னிடம் விட்டுப்போனது. நாளைக்கு அவர்களுக்குக் கணக்குப் பரீட்சை.