அமுதவல்லியின் மூத்த மகள்

அமுதவல்லிக்கு இரண்டு பெண்கள் என்று ஓடைக்கரைத் தெருவில் சொல்வார்கள். பெற்றது ஒன்றுதான். அவள் செந்தமிழ்ச்செல்வி, பிளஸ் டூ படிக்கிறாள். மற்றது பெண்ணே இல்லை, ஒரு சாஃப்ட்பால் போட்டி. செல்வி பிறப்பதற்கு ஒரு வருஷம் முந்தி ஆரம்பித்ததால் அதுதான் மூத்தவள் என்று கேலி. செல்வியும் சின்ன வயதில் அதை அக்கா என்றே சொல்லித் திரிந்தாள். அம்மா எங்கேடி என்று யாராவது கேட்டால், அக்காவுக்குக் கோடு போடப் போயிருக்குது என்பாள். கேட்டவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

அமுதவல்லிக்குத் தட்டாஞ்சாவடியில் வேலை. பாட்டில் மூடி வார்க்கிற பட்டறையில் மூடியின் ஓரத்துப் பிசிறைப் பிளேடால் சீவித் தள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் சாஃப்ட்பாலில் புதுச்சேரிக்காக வெளியூரெல்லாம் போய் ஆடி வந்தவள். கல்யாணம் ஆனதும் எல்லாருக்கும் நடப்பதுதான் அவளுக்கும் நடந்தது. பேட் பரணுக்குப் போனது, கரண்டி கைக்கு வந்தது. ஒருநாள் பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது கூட ஆடிய பழைய சிநேகிதி ஒருத்தி எதிர்ப்பட்டாள். இன்னும் எறிகிறாயா என்று அமுதா கேட்டாள். எறிகிறேன், பாத்திரத்தை, அவர் தலைக்குக் குறிவைத்து என்றாள் சிநேகிதி. இரண்டு பேரும் மீன்காரம்மா திட்டும்வரை சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பிறந்ததுதான் போட்டி.

ஊருக்கெல்லாம் சுதந்திரத்துக்கு ஒரு நாள் லீவு என்றால் புதுச்சேரிக்கு மறுநாளும் லீவு. பிரெஞ்சுக்காரர்கள் ஊரை முறைப்படி எழுதிக் கொடுத்த நாள். அந்த இரண்டு நாளையும் அமுதா பிடித்துக்கொண்டாள். எட்டுத் தெரு, எட்டு டீம், பள்ளிக்கூட மைதானம் ஒன்று. எல்லாம் பெண்கள். யாரும் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் இல்லை. மீன் விற்கிறவள், நர்ஸ், டீச்சர், மாவு அரைக்கிறவள், எல்லோரும் உண்டு.

விதி இரண்டு. இரண்டையும் போட்டவள் அமுதாதான்.

முதலாவது, பிறந்த வீடு எந்தத் தெருவோ அந்தத் தெருவுக்குத்தான் ஆட வேண்டும். கட்டிக்கொடுத்து எங்கே போனாலும் சரி, அந்த இரண்டு நாள் அவள் பிறந்த வீட்டுப் பெண். மாமியார்கள் முணுமுணுத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த விதி அமுதாவின் காலையே வாரியது. அவள் ஓடைக்கரைத் தெருப் பெண். புருஷன் கலியமூர்த்தி வீடு சவுக்குத்தோப்புத் தெரு. அப்படியானால் செல்வி சவுக்குத்தோப்புக்காரி. பிரசவம் என் அம்மா வீட்டில்தானே நடந்தது, குழந்தை எங்களுக்குத்தான் என்று அமுதா ஒரு வருஷம் வாதாடிப் பார்த்தாள். ரூல் போட்டவளே வளைக்கப் பார்க்கிறாளே என்று கூட்டத்தில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஆக, அம்மா ஒரு பக்கம், மகள் எதிர்ப்பக்கம்.

இரண்டாவது விதி அம்பயரைப் பற்றியது. ஆரம்பத்தில் வெளியிலிருந்து ஓர் ஆளை அழைத்து வந்தார்கள். அவர் மத்தியானம் ஒரு டீம் கேப்டன் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டார். பிறகு அவர் எதைச் சொன்னாலும் மைதானத்தில் பிரியாணி வாசம்தான் அடித்தது. கைகலப்பாகி, மனிதர் சைக்கிளை விட்டுவிட்டு ஓடினார். அதற்குப் பிறகுதான் அமுதா சொன்னாள்: எந்த டீம் முதலில் தோற்று வெளியேறுகிறதோ அந்த டீம் கேப்டன்தான் ஃபைனலுக்கு அம்பயர். தோற்ற எரிச்சலில் நிற்கிறவள் யாருக்கும் சலுகை காட்ட மாட்டாள். அந்த நியாயம் எல்லோருக்கும் பிடித்துப்போனது.

போன வருஷம் அதுவும் உதவவில்லை. ஃபைனலில் ஒரு அவுட்டுக்காக ஆண்கள் உள்ளே பாய்ந்து, பள்ளிக்கூடத்தின் தண்ணீர்க் குழாயையும் இரண்டு ஜன்னல் கண்ணாடியையும் உடைத்துவிட்டார்கள். தலைமை ஆசிரியை சிஸ்டர் மறுநாள் அமுதாவைக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார். அடுத்த வருஷமும் தருகிறேன். இன்னொரு சண்டை வந்தால் கேட்டைப் பூட்டுவேன், பிறகு யார் வந்து நின்றாலும் திறக்க மாட்டேன். ஊரில் வேறு மைதானம் கேட்டுப் பார்த்தாகிவிட்டது, இவர்களுக்குக் கொடுக்க ஆள் இல்லை. மூத்தவளின் உயிர் அந்தக் கேட்டில் தொங்கியது.

இந்த வருஷம் என்ன ஆயிற்று தெரியுமா? முதல் ஆட்டத்திலேயே ஓடைக்கரை தோற்றது. கேப்டன் அமுதவல்லி. ஃபைனலுக்கு வந்தவர்கள் சூசையப்பர் கோயில் தெருவும் சவுக்குத்தோப்பும். மகள் ஆடுகிற ஃபைனலுக்கு அம்மா அம்பயர். அவள் போட்ட இரண்டு விதியும் சேர்ந்து அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டன.

ஃபைனல் அன்று மத்தியானம் கமிட்டி வேப்பமரத்தடியில் கூடியது. கோயில் தெரு டீமை நடத்துகிறவள் ழனெத். சொல்தா, அதாவது பட்டாளத்துக்காரர் வீட்டுப் பெண். அப்பாவுக்குப் பிரெஞ்சு ராணுவத்துப் பென்ஷன், மகன் லூதோவிக் பாரிஸில். வருஷத்தில் பாதி அங்கே இருந்தாலும் போட்டிக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுவாள். அமுதாவிடம் பிரியமானவள், ஆனால் ஆட்டம் என்று வந்தால் பிரியம் ஓரமாகப் போய்விடும்.

வேறு யாரையாவது போடுங்கள் என்று அமுதாவே கேட்டாள். இரண்டாவதாகத் தோற்ற டீமைப் போட்டால் அவர்கள் யார் யாருக்கு உறவு என்று அதில் ஒரு சண்டை கிளம்பியது. எட்டுத் தெருவில் யாருக்கு யார் உறவில்லை? கடைசியில் ழனெத்தான் முடிவைச் சொன்னாள்.

"ரூலு நீ போட்டது அமுதா, நீயே நில்லு. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா உன் பொண்ணு பக்கம் ஒண்ணுன்னா ஒண்ணு தப்பா சாஞ்சிடுச்சின்னாகூட, எங்க பசங்கள நான் புடிச்சி வைக்க முடியாது. பாத்துக்க."

அமுதா தலையாட்டினாள். முகக் கவசத்தை எடுத்தாள். ஹார்டுவேர் கடையில் வாங்கிய பெயிண்ட் பிரஷ்ஷை இடுப்பில் செருகிக்கொண்டாள். பேட் பிடிப்பவள் பக்கத்தில் தரையில் பதித்த ஹோம் பிளேட்டில் மண் விழுந்தால் அதைக்கொண்டு துடைப்பது அம்பயர் வேலை. குழாயடியில் செல்வி ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குன்னு ஒண்ணும் செய்யாதம்மா. இருக்கறத சொல்லு, போதும்."

ஆட்டம் ஆரம்பித்தது. சவுக்குத்தோப்பு ஆண்கள் மைதான எல்லைக்குக் கட்டிய ஒரு பக்கக் கயிற்றில், கோயில் தெரு ஆண்கள் மறுபக்கக் கயிற்றில். கலியமூர்த்தியும் நின்றான். பொண்டாட்டியைப் பார்ப்பதா, பெண்ணைப் பார்ப்பதா என்று தெரியாமல் அவன் வானத்தைப் பார்த்தான். வராந்தாவில் சிஸ்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் சாவிக்கொத்து.

பந்து போடப் போட, அடிக்கத் தோதாக வந்ததை விட்டால் ஸ்ட்ரைக், தோதில்லாமல் விலகிப் போனால் பால் என்று அமுதா ஒவ்வொன்றுக்கும் குரல் கொடுத்தாள். செல்வி பேட் பிடித்து வந்தபோதெல்லாம் கயிற்றோரத்தில் பேச்சு நின்றது. ஒரு பந்து முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே போனது. பால் என்று சொல்ல வாய் திறந்தாள், வந்தது ஸ்ட்ரைக். அடுத்ததற்கும் அதே கதைதான். சொந்தப் பெண்ணுக்கு அதிகமாகக் கொடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் கை தானாகக் குறைத்துக் கொடுத்தது. அது அவளுக்கே தெரிந்தது, தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

கடைசி இன்னிங்ஸ் வரும்போது இரண்டு டீமும் சமம். பேட் பிடித்தது சவுக்குத்தோப்பு. இரண்டு பேர் அவுட். மூன்றாவது பேஸில் செல்வி நிற்கிறாள். அவள் அங்கிருந்து ஓடிவந்து ஹோம் பிளேட்டை மிதித்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, கோப்பை சவுக்குத்தோப்புக்கு. மிதிப்பதற்கு முன் பந்தோடு அவளைத் தொட்டுவிட்டால் அவுட், ஆட்டம் நீளும்.

பிளேட்டுக்குப் பின்னால் பந்து பிடிக்கிற கோயில் தெரு கேட்சர் பொலின், ழனெத்தின் தம்பி மகள். பந்து வந்தது. பொலின் கையுறையில் பட்டு நழுவிப் பின்னால் உருண்டது.

செல்வி கிளம்பிவிட்டாள்.

பொலின் திரும்பி ஓடி, பந்தை அள்ளி, அப்படியே பாய்ந்தாள். செல்வி காலை நீட்டிப் பிளேட்டை நோக்கிச் சறுக்கினாள். செம்மண் எழும்பியது. அமுதா குனிந்து நின்றிருந்தாள், கைக்கெட்டும் தூரம்தான். அவள் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். முதலில் மகளின் வலது ஷூ பிளேட்டின் ஓரத்தில் அழுந்தியது. அதற்குப் பிறகுதான் பொலினின் கையுறை அவள் தொடையில் பட்டது.

சேஃப். ஒரு வார்த்தை. இரண்டு கையையும் விரித்தால் போதும்.

அமுதா நிமிர்ந்தாள். கோயில் தெரு ஆண்கள் கயிற்றைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்திருந்தார்கள். ழனெத் கையைக் கட்டிக்கொண்டு இவளையே பார்த்தாள். வராந்தாவில் சிஸ்டர் எழுந்து நின்றிருந்தார், சாவிக்கொத்து கையில். அந்தப் பாழாய்ப்போன அமைதியில் அமுதாவின் வலது கை மேலே போனது. விரல்கள் மடங்கின.

"அவுட்."

கோயில் தெரு ஆண்கள் உள்ளே பாய்ந்தார்கள், ஆனால் சந்தோஷத்தில். சவுக்குத்தோப்பு ஆட்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. யாரோடு சண்டை போடுவது? பெற்ற தாயே தன் பெண்ணை அவுட் கொடுத்துவிட்டாளே, இதற்கு மேல் என்ன நியாயம் கேட்பது? வசவுக்குத் திறந்த வாய்கள் மூடிக்கொண்டன. செல்வி எழுந்து கால் மண்ணைத் தட்டினாள்.

எல்லோரும் விலகியபோது அமுதா கீழே பார்த்தாள். வெள்ளை ரப்பர் பிளேட்டின் ஓரத்தில், சிவப்பு மண்ணில் அச்சடித்த மாதிரி, ஷூவின் முன்பாதி பதிந்திருந்தது. யார் வந்து குனிந்தாலும் தெரியும். அமுதா இடுப்பிலிருந்து பிரஷ்ஷை எடுத்தாள். அம்பயர் செய்கிற வேலைதானே, யாரும் கவனிக்க மாட்டார்கள். குனிந்து, ஓரம்வரை சுத்தமாகத் துடைத்தாள்.

ஆட்டம் நீண்டது. அடுத்த இன்னிங்ஸில் கோயில் தெரு இரண்டு ரன் எடுத்தது. சவுக்குத்தோப்பால் ஒன்றும் முடியவில்லை. கோப்பை ழனெத் கைக்குப் போனது.

அதன் பிறகு நடந்ததுதான் அமுதாவால் தாங்க முடியாதது. அடித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள், பாராட்டினார்கள். ழனெத் ஓடிவந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, என்னை மன்னித்துவிடு அமுதா, உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று அழுதாள். மைக்கில் பேசியவர் இப்படி ஒரு தாயைப் பார்த்ததில்லை என்றார். சவுக்குத்தோப்பு ஆண்களே கைதட்டினார்கள், கலியமூர்த்தியும்தான். சிஸ்டர் மைக்கை வாங்கி, அடுத்த வருஷமும் இந்த மைதானம் உங்களுக்குத்தான் என்றதும் எட்டுத் தெருவும் ஆரவாரம் செய்தது. அமுதா கையில் யாரோ இளநீரைக் கொடுத்தார்கள். அவள் அதைக் குடிக்காமல் கீழே வைத்தாள். மைக் பக்கத்திலேயே இருந்தது. எட்டி வாங்கி ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சிஸ்டர் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள், சொல்லவில்லை.

வெயில் சாயும்போது கூட்டம் கலைந்தது. பேஸ்களைப் பிடுங்கி மூட்டை கட்டுவது எப்போதும் அமுதா வேலை, கூடவே செல்வியும் இருப்பாள். இன்றைக்கு வர மாட்டாள் என்றுதான் நினைத்தாள். செல்வி வந்தாள். தொடையில் சிராய்ப்பு ரத்தம் காய்ந்திருந்தது. முதல் பேஸ், இரண்டாவது, மூன்றாவது என்று ஒவ்வொன்றாக எடுத்து வந்து அடுக்கினாள். கடைசியாக ஹோம் பிளேட். அதன் ஒரு முனையை அம்மாவும் மறுமுனையை மகளும் பிடித்து மண்ணிலிருந்து பெயர்த்தார்கள்.

இதற்கு மேல் மனசுக்குள் வைத்திருக்க முடியாது என்று அமுதாவுக்குத் தோன்றியது.

"நீ மிதிச்ச. நான் பாத்தேன்டி."

"தெரியும். பிரஷ்ஷால தேச்சதையும் பாத்தேன்."

பார்த்தும் ஏன் சொல்லவில்லை, அத்தனை பேர் நடுவில் கத்தியிருக்கலாமே, என் மானத்தை வாங்கியிருக்கலாமே என்று அமுதா கேட்க நினைத்தாள். அதற்குள் செல்வி பிளேட்டை அம்மா கையிலிருந்து வாங்கி, மண்ணைத் தட்டி, மூட்டைக்குள் செருகி, கயிற்றை இறுக்கிக் கட்டினாள். முடிச்சுப் போடும்போது நிமிராமலே சொன்னாள்.

"உடும்மா. அக்கா பொழச்சிக்கிட்டா இல்ல?"

மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு செல்வி முன்னால் நடந்தாள். சிஸ்டர் கேட்டைத் திறந்து பிடித்திருந்தார்.