கிட்டங்கிக்குள் நாற்பது பேர்

மழைக்காலத்துப் புகையிலைக்கு ஒரு தனி நெடி உண்டு. வெயில் நாட்களில் மூக்கோடு நின்றுவிடுகிற அது, ஈரக்காற்று பட்டுவிட்டால் தொண்டைக்குள் இறங்கி, கண்ணைக் கரிக்கவைத்து, தலையைக் கிறுகிறுக்கச் செய்துவிடும். திண்டுக்கல்லில் பிறந்தவர்களுக்கு இந்த நெடி புதிதல்ல. ஆனால் அரைப் பகல் கதவைச் சாத்திக்கொண்டு அதற்குள் அடைபட்டுக் கிடந்தவர்கள் எங்கள் தெருக்காரர்களாக மட்டும்தான் இருப்போம் என்று நினைக்கிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்குப் பத்து வயது. மலைக்கோட்டை நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகளும் கடைசியில் நாலைந்து கூரை வீடுகளுமாக இருந்தது எங்கள் தெரு. தெரு முனையில் ஒரு புகையிலைக் கிடங்கு. நாங்கள் அதைக் "கிட்டங்கி" என்போம். இரண்டு முழ அகலச் சுண்ணாம்புச் சுவர், இரும்புக் கதவு, கூரையை ஒட்டி உயரத்தில் கை நுழையாத அளவுக்கு நான்கு காற்றுத் துவாரங்கள். அதன் முதலாளி வெளியூர்க்காரர். சாவி மேஸ்திரி சூசை மாமாவிடம் இருந்தது.

சூசை மாமாவிடம்தான் தெருவின் ஒரே ரேடியோவும் இருந்தது. மனைவியை இழந்தவர். ஒரே மகள் லூர்து அக்காவை அதற்கு முந்தைய வருஷம்தான் பாம்பன் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். மகள் போன பிறகு வீடு "வெறிச்சோன்னு கெடக்கு" என்று சொல்லி வாங்கிய பெட்டி அது. பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்கும். அதனால் செய்தி நேரத்தில் மாமா உள்ளே உட்கார்ந்து கேட்டுவிட்டு வெளியே வந்து சொல்வார், வாசலில் நிற்கிற நாங்கள் அவர் வாயிலிருந்து கேட்டுக்கொள்வோம். ஐந்து நிமிஷச் செய்தியை அவர் அரை மணி நேரம் சொல்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் அது குறையாகப் படவில்லை.

அந்த மார்கழியின் முதல் வாரத்தில், வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருப்பதாக அவர் வந்து சொன்னபோது யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எதிரே இட்டிலியும் காப்பியும் விற்கிற கிளப்புக்கடை வைத்திருந்த நாராயணன், "காத்தழுத்தம்னா என்னண்ணே?" என்று கேட்டார். மாமா கொஞ்சம் யோசித்து, "காத்து ஒரு எடத்துல குமிஞ்சு கெடக்குதாம் அப்பு, எந்தப் பக்கம் பாயும்னு தெரியலையாம்" என்றார். அந்தக் "குமிஞ்சு கிடந்த" காற்றைத்தான் அன்று முழுக்கத் தெருப்பிள்ளைகள் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு அது புகையிலைச் சிப்பம் மாதிரி கட்டிப்போட்டுக் கிடப்பதாகத்தான் மனதில் விழுந்தது.

மறுநாள் மதுரையிலிருந்து வந்த காலைப் பத்திரிகை கொட்டை எழுத்தில் கடலோரங்களுக்கு எச்சரிக்கை என்று போட்டிருந்தது. நாராயணன் அதை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒருமுறை உரக்க வாசித்தார். முதல் வாசிப்பில் "பலத்த காற்று" என்றிருந்தது, மத்தியானத்துக்குள் "மாட்டையே தூக்கிட்டுப் போற காத்து" ஆகியிருந்தது. சிலர் சிரித்தார்கள். "இம்புட்டுப் பெரிய மலை நிக்கையில நம்மள எந்தக் காத்து என்ன செய்யும்?" என்றார்கள். அப்படிச் சொன்னவர்களே சாயங்காலம் ஓட்டுக்கு மேல் கல் ஏற்றிக்கொண்டும், கூரையைத் தேங்காய்நார்க் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டும் இருந்தார்கள். கடையில் தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் தீர்ந்துபோயின. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். வானம் சாம்பல் நிறத்தில் கையெட்டும் தூரத்துக்கு இறங்கி வந்ததுபோல் இருந்தது. மழையும் பெய்யாமல் வெயிலும் அடிக்காமல் நின்ற அந்த இரண்டு நாளும் மூச்சை யாரோ பிடித்துவைத்திருப்பதுபோலவே எனக்கு இருந்தது.

எங்கள் வீட்டில் அப்போது அம்மா, நான், நிறைமாதமாக இருந்த என் சித்தி, மூன்று பேர்தான். லாரி ஓட்டுகிற அப்பா வெங்காய மூட்டையோடு கொச்சிக்குப் போயிருந்தார். சித்திக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. அதனால் இந்த முறை பெரியாஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்று அவளை வரவழைத்திருந்தாள். ஆண்கள் முன்னால் நின்று பேசிப் பழக்கமில்லாதவள் அம்மா. தண்ணீர் பிடிக்கப் போனாலும் ஓரமாக நின்று, முறை வந்தால் பிடித்துக்கொண்டு வருவாள்.

மூன்றாம் நாள் காலை சூசை மாமா வீட்டைவிட்டு ஓடிவந்தார். நடக்காமல் ஓடி வந்தார் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முகம் வெளுத்திருந்தது. "மதுரை ஜில்லாவுக்குச் சொல்லிட்டாங்க! சாயங்காலத்துக்குள்ள நம்ம தலைக்கு மேல வந்துரும். ஓட்டு வீடெல்லாம் நிக்காது, எல்லாரும் கிட்டங்கிக்கு வாங்க!" திண்டுக்கல் அந்த நாளில் மதுரை ஜில்லாவுக்குள்தான் இருந்தது, எனவே ஜில்லாவின் பெயரைச் சொன்னால் எங்களைச் சொன்ன மாதிரிதான். அரை மணி நேரத்தில் தெருவே கிளம்பிவிட்டது. சோற்றுப் பானையோடு வந்தவர்கள், ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், சாமி படத்தைச் சேலையில் சுற்றிக்கொண்டு வந்தவர்கள். மாமா தன் ரேடியோவைக் குழந்தையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டு வந்து ஒரு சிப்பத்தின் மேல் வைத்தார். கடைசியாக நாங்கள் நுழைந்ததும் கதவைச் சாத்தி, குறுக்கே இரும்புக் கம்பியைப் போட்டார்.

நாற்பது பேர் இருப்போம். சிப்பங்களுக்கு நடுவே நீட்டிய கால்மேல் கால்பட உட்கார்ந்திருந்தோம். முதலில் தும்மல், பிறகு பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வாந்தி எடுத்தார்கள். உயரத்துத் துவாரங்களின் வழியே காற்று ஊளையிட்டது. வெளியே எங்கேயோ ஒரு தகரம் அடித்துக்கொள்ளும்போதெல்லாம் யாரோ ஒருவர், "அந்தா, ஒரு வீடு போச்சு" என்பார். எந்த வீடு என்று எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். ரேடியோவில் இரைச்சலைத் தவிர எதுவும் வரவில்லை. பிறகு "கரெண்டு" போய், இருந்த ஒற்றை விளக்கும் அணைந்தது, அந்த இரைச்சலும் நின்றது. இருட்டைவிட அதுதான் எங்களை அதிகம் பயமுறுத்தியது. இரைச்சல் இருந்தவரை வெளியே ஓர் உலகம் இருந்தது. அது நின்ற பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் என்ன மிச்சமிருக்கிறது என்று சொல்ல யாருமில்லை.

மத்தியானம் இருக்கும், சித்தி என் கையைப் பிடித்து நசுக்கினாள். முதலில் புகையிலை மயக்கம் என்றுதான் நினைத்தேன். அம்மா அவள் வயிற்றில் கைவைத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள். கால்களைத் தாண்டித் தாண்டிக் கதவுக்குப் போனாள்.

"அண்ணே, கதவத் தொறங்க. தங்கச்சிக்கு வலி எடுத்துருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

சூசை மாமா கதவில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தார். "முடியாதும்மா. தொறந்தா காத்து கதவப் பிச்சுட்டுப் போயிரும். திரும்பச் சாத்த முடியாது. செத்த நேரம் பொறுத்துக்கிரச் சொல்லு."

"வலி பொறுக்குமாண்ணே?"

"உள்ள நாப்பது உசுரு இருக்கும்மா!"

பின்னாலிருந்து ஆளுக்கொன்று பேசினார்கள். இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பெண் சொன்னாள். கதவைத் திறந்தால் எல்லோரும் சாகவேண்டியதுதான் என்று ஒருவர் கத்தினார். நாராயணன், "ஒருத்திக்காக எல்லாத்தையும் பலி குடுக்கவா?" என்றார். இத்தனைக்கும் சித்திக்குத் தினமும் காலையில் சூடாக இட்டிலி கொடுத்தனுப்பியவர் அவர். அந்த இருட்டில் சித்தியின் முனகல் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. நான் அழக்கூடப் பயந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. குறுக்குக் கம்பியில் ஒரு கையை வைத்தாள். குரலை உயர்த்தாமல், "நாப்பதுன்னு எண்ணுனீங்கள்ல அண்ணே, அவ வயித்துல இருக்கிறதையும் சேத்து எண்ணுங்க" என்றாள்.

சூசை மாமா அவள் கையைத் தள்ளிவிடப் போனார். ஆனால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரிய மனிதர் ஒருவர் வாய்விட்டு அழுது நான் கேட்டது அதுவே முதல்முறை.

"நம்ம தலைக்கு மேல வரும்னு அவங்க சொல்லலம்மா. நாந்தான் சொன்னேன். மதுரை ஜில்லாவுல காத்து பலமா இருக்கும்னாங்க, அம்புட்டுத்தான். லூர்து இருக்கிற ஊருக்குள்ளதான் கடல் பூந்துருச்சுன்னு சொன்னாங்க. விடியக்காலயிலேயே சொல்லிட்டாங்கம்மா. எனக்கு என்ன செய்யன்னு தெரியல. இங்க உள்ளவுங்களையாவது உள்ள வச்சுச் சாத்தணும்னு இருந்துச்சு."

அம்மா தானே இரண்டு கையாலும் கம்பியைத் தூக்கினாள். நாராயணன் வந்து மறுமுனையைப் பிடித்தார்.

கதவு திறந்தது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. காற்றும் இருந்தது, ஒரு வேப்பங்கிளை முறிந்து தெருவின் குறுக்கே கிடந்தது. கிளப்புக்கடை முகப்புத் தகரம் ஒன்று ஆணி கழன்று அடித்துக்கொண்டிருந்தது. மற்றபடி வீடுகள் எல்லாம் அப்படி அப்படியே நின்றன. நாங்கள் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றபோது, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்ன, தெருவே உள்ள இருக்கு? ஒரு வீட்டுலயும் ஆளக் காணமேன்னு பாத்தேன்" என்றார்.

அப்போதும் யாரும் சிரிக்கவில்லை. சூசை மாமா மட்டும் எழுந்து போய், "பாம்பன்ல இருந்து ஏதும் இருக்கா?" என்று கேட்டார். "கிழக்க இருந்து ரெண்டு நாளா தபாலே வரல அப்பு" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும் தபால்காரர் சாக்கைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

நாராயணன் ஓடிப்போய் ஒரு குதிரை வண்டியைப் பிடித்துவந்தார். அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஆஸ்பத்திரியில் சித்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேரும் பிழைப்பது கஷ்டம் என்று அங்கிருந்த நர்ஸ் என் அம்மாவைத் திட்டினாளாம். அம்மா அதை வாங்கிக்கொண்டு, காரணம் எதுவும் சொல்லாமல் வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் சூசை மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாளே மாமா கிட்டங்கிச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கிழக்கே கிளம்பினார். ரயில் ஓடவில்லை, பஸ் போகிறவரை போய், அதற்கப்பால் நடந்ததாகப் பிறகு சொன்னார். அவர் இல்லாத நாட்களில் பத்திரிகைக்காகத் தெருவே காத்திருந்தது. நாராயணன் உரக்க வாசிப்பதை விட்டுவிட்டார். பக்கம் பக்கமாக மூழ்கிய வீடுகளின் படங்கள் வந்தன. அவர் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு, செத்தவர்கள் என்றும் மீட்கப்பட்டவர்கள் என்றும் கலந்து வந்த பெயர்களின் மேல் விரலை ஓட்டுவார். முடித்ததும் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு மடித்து வைப்பார். பெயர் இருப்பது நல்லதா, இல்லாதது நல்லதா என்று எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் அவர் தலையை ஆட்டும்வரை யாரும் கலைந்துபோக மாட்டார்கள்.

பதினோராம் நாள் சூசை மாமா தனியாக வந்தார். தாடி வளர்ந்து, செருப்பில்லாமல் இருந்தார். அம்மா வாசலுக்குப் போனாள். "மாப்பிள்ளையப் பாத்தேம்மா. பள்ளிக்கூடத்துக் கூரைமேல ஏறிக்கிட்டாராம். அவ வீட்டுல இருந்தாளாம்" என்றார். அவ்வளவுதான். அம்மா சாவியைக் கொடுக்கவில்லை. அன்றும் கிட்டங்கியைத் தானே போய்த் திறந்து, கூலிக்காரர்கள் வந்ததும் திரும்பினாள். அதன்பிறகு இரண்டு மூன்று மாதங்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டை, சோறும் ஏதாவது ஒரு வெஞ்சனமுமாக, தூக்குவாளியில் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரேடியோவை அவர் அணைப்பதே இல்லை. பாட்டு முடிந்து, செய்தி முடிந்து, நிலையம் மூடிய பிறகும் அந்த இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும். அவர் காதை அதன்மேல் வைத்தபடி உட்கார்ந்திருப்பார். நான் வாளியை வைத்துவிட்டு நிற்பேன். "போ தாயி" என்பார்.

புகுந்த வீட்டுக்குத் திரும்பும் முன் சித்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். வேண்டாம், பார்த்தால் மனசு கஷ்டப்படும் என்று பலரும் சொன்னார்கள். சித்தி கேட்கவில்லை. மாமா வெகுநேரம் குழந்தையைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் சாத்துன கதவ மறந்துரு தாயி" என்றார். சித்தி குழந்தையை அவர் மடியில் வைத்தாள். அது அழாமல் கிடந்தது. அவர் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்தே இருந்தார். சித்தியின் பஸ் தவறிப்போனது. அவள் மறுநாள்தான் ஊருக்குப் போனாள்.

அந்தக் கிட்டங்கி இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடியில் குடியிருப்புகள். அதில் ஒன்றில்தான் நான் இருக்கிறேன். இரும்புக் கதவும் சுண்ணாம்புச் சுவரும் போய்விட்டன, புகையிலை நெடியும் போய்விட்டது. ரேடியோ உள்ள வீட்டு வாசலில் கூடி நிற்கிற வழக்கத்தை என் பேரப்பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னாலும் புரிவதில்லை. இன்று புயல் கிளம்பிய மணியிலிருந்தே தொலைக்காட்சி சிவப்புச் சுழி ஒன்றைச் சுற்றவிட்டுக் காட்டுகிறது. எந்தத் தெருவுக்குள் தண்ணீர் வந்தது என்பதைக்கூட உட்கார்ந்த இடத்தில் தெரிந்துகொள்கிறோம். போன வருஷப் புயலின்போது நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பெண் அலைபேசியைக் காதில் வைத்தபடி நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடப்பதைச் சன்னல் வழியே கண்டேன். யாரோ எடுக்கவில்லை போலிருந்தது. மறுபடி மறுபடி அழுத்தினாள். அவள் குடிவந்து நான்கு வருஷமாகிறது, புயல் அடித்த கடலோரத்தில் அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அவள் திரும்பிப் பார்க்கும்வரை அங்கேயே நின்றேன்.