திருப்பதி மலைக்கு வாங்கிய பிரேக்

என் மருமகன் தன் ஸ்போர்ட்ஸ் காருக்குக் கார்பன் செராமிக் பிரேக் மாற்றியிருக்கிறார். நம் சாலைக்கு இரும்பு டிஸ்கே போதும் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். பட்டறையில் லேத் ஓட்டிய என் பேச்சு எடுபடுமா?

இன்று காலை பூந்தமல்லி வீட்டில் காருக்குப் பூஜை. மகள் சக்கரத்துக்குள் விரலை விட்டு, அந்த டிஸ்குக்கும் சந்தனம் பூசினாள். பிறகு மருமகன் என்னை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று கிளம்பினார்.

வேலப்பன்சாவடியில் முன்னால் போன கல்லூரிப் பேருந்து நின்றது. இவர் மிதித்தார். கார் நிற்கவில்லை. மறுபடி அழுத்தியபோதுதான் பிடித்தது. அதற்குள் பேருந்தின் முதுகு என் முகத்துக்கு நேரே வந்துவிட்டது.

"ஒண்ணியும் இல்ல மாமா, சந்தனம் வழுக்கிகிச்சி. தொடச்சா சரியாப்பூடும்."

"சந்தனத்து மேல பழி போடாதீங்க மாப்ள. சூடு ஏறலன்னா அது சரியா புடிக்காது."

"திருப்பதி மலை எறங்கசொல்ல பாருங்க, இதான் காப்பாத்தும்."

மலைக்கு முன்னால் வழியெல்லாம் பேருந்து நிற்குமே!

வீடு திரும்பியதுமே இருவரும் திருப்பதிக்குக் கிளம்பினார்கள். "நீ பஸ்ல போம்மா" என்று மகளிடம் கெஞ்சினேன்.

"இன்னா நைனா, எதுக்கெடுத்தாலும் பயந்துகினு" என்று சிரித்தபடி அதே காரில் ஏறிப் போய்விட்டாள். இப்போது போனை எடுக்கவில்லை.

பிரேக்கைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். திருமழிசை, திருவள்ளூர் பக்கம் இருப்பவர்கள் மட்டும் சொல்லுங்கள். தாழ்வான மஞ்சள் கார் ஒன்று உங்களைத் தாண்டிப் போனதா? சிக்னலில் நின்றதா?