நாலாம் பக்கத்தில் ஒரு ஜன்னல்

நான் ஒரு திருடன்.

இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் எனக்கு அலங்காரமாக எழுத வரும். கொஞ்சம் இடம் கொடுத்தால் திருட்டைத் தொண்டாக மாற்றிவிடுவேன்.

நாற்பது வருடங்களுக்கு முன்னால், நாகர்கோவிலில் ஒரு பழைய நூலகத்தில், பைண்டு செய்து வைத்திருந்த வாரப் பத்திரிகைத் தொகுப்பு ஒன்றிலிருந்து அரைப் பக்கத்தை பிளேடால் வெட்டி எடுத்தேன். நூலகத்தின் பெயர் வேண்டாம். அதற்கு என்னால் ஆன கெடுதல் போதும்.

அப்போது நான் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். என்ன பாடம் என்கிறீர்களா? வரலாறு!

வெட்டியது என் அப்பாவின் படம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் எங்கள் ஊரில் வெற்றி விழா கொண்டாடியிருக்கிறார்கள். ஜெயித்தது யார், அதில் நமக்கு என்ன பங்கு என்றெல்லாம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தேநீர் கொடுத்தார்கள், குடித்தார்கள். விழாக் கமிட்டியின் குரூப் போட்டோ உள்ளூர் வாரப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில், மேல் பாதியில் வந்தது. கோட்டும் தலைப்பாகையுமாக இடமிருந்து மூன்றாவது ஆள், பள்ளிக்கூடத் தலைமையாசிரியரான என் அப்பா. வீட்டில் அவருடைய வேறு படம் கிடையாது.

‘இங்கே இதை யார் பார்க்கப் போகிறார்கள்? கரையான் தின்னும். நான் எடுத்தால் பிழைக்கும்’ என்று மனசு சொன்னது. உலகத்தில் உள்ள எல்லா மியூசியங்களிலும் இருக்கும் பாதிச் சாமான்களுக்கு இதுதான் வரலாறு என்று பிற்பாடு படித்தேன். என் துணைக்குப் பெரிய பெரிய துரைமார் இருக்கிறார்கள்.

கோட்டாற்றில் ஒரு கண்ணாடிக் கடையில் கொடுத்து, அட்டையில் மைதாப் பசை போட்டு ஒட்டி, ஃபிரேம் பண்ணி மாட்டினேன். என் மனைவி அன்றிலிருந்து மாமனாருக்குத் தினமும் விளக்கு வைத்தாள். நூலகத்திலிருந்து யாரோ கொடுத்தார்கள் என்று சொல்லியிருந்தேன். யாரோ என்பது நான்தான்... அது மட்டும் உண்மை.

சரி, இப்போது எதற்கு இந்த வாக்குமூலம்?

அந்த நூலகம் பழைய உள்ளூர்ப் பத்திரிகைகளை எல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிறது. கூடவே, யுத்த காலத்தில் மலாயா, பர்மா என்று போன நம்மூர்க் குடும்பங்களின் கடிதம், பாஸ்போர்ட், ஞாபகங்களையும் சேர்த்து ஓர் ஆவணப் பிரிவு தொடங்குகிறார்கள். அதற்கு ஒரு கமிட்டி. கமிட்டிக்குத் தலைவர்?

வேறு யார்! பழைய பத்திரிகைகளைக் காப்பாற்றச் சொல்லி இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் வருடக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருப்பவன் நானல்லவா?

தொடக்க விழாவில் பேசினேன். “பழைய பத்திரிகையில் ஒரு பக்கம் தொலைந்தால் ஓர் ஊரே தொலைந்த மாதிரி” என்றேன். கைதட்டினார்கள். எனக்கே புல்லரித்தது.

கூட்டம் கலைந்த பிறகு குலசேகரத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா என்னிடம் வந்தார். ரோஸ்பாய் என்று பெயர். எழுபது வயது தாண்டியிருக்கும். கையில் ஒரு பழைய தொகுப்பு. நூலகர் வேலப்பன் எடுத்துக் கொடுத்தது.

“சாரே, இதக் கொஞ்சம் பாருங்க. எனக்க அப்பன் மலாயாவுக்கு ரப்பர் தோட்டத்துக்குப் போனாரு. நான் அப்பம் அம்மைக்க வயித்துல. யுத்தத்தோட ஒரு தகவலும் இல்ல. அங்கயிருந்து திரும்பி வந்த ஒருத்தரு, யாரு செத்தா, யாரு இருக்கான்னு பேரு பேராச் சொல்லி, அது பேப்பர்ல வந்துதுன்னு ஊர்ல சொல்லுவாவ. இப்பந்தான் கெடச்சிருக்கு.”

தாளின் மேல் பாதியை மடக்கிப் பிடித்துக்கொண்டு, விரல் வைத்துக் காட்டினார். மூன்றாம் பக்கத்தின் கீழ்ப் பாதியில் பட்டியல் தொடங்குகிறது. குலசேகரம் இருக்கிற கல்குளம் தாலுகாவுக்கு வரும்போது பக்கம் முடிந்துவிடுகிறது. ‘தொடர்ச்சி அடுத்த பக்கம்’ என்று போட்டிருக்கிறது.

அவர் தாளைத் திருப்பினார்.

அடுத்த பக்கத்தின் மேல் பாதியில் ஒரு ஜன்னல். அதன் வழியாக இரண்டாம் பக்கத்து வைர மாத்திரை விளம்பரம் தெரிந்தது.

நான் அந்த ஜன்னலை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். வலது மூலையில் பிளேடு கொஞ்சம் வழுக்கியிருந்தது. அன்றைக்கு யாரோ வரும் சத்தம் கேட்டது, அதனால்தான்.

அப்பாவைப் பார்த்தேன். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. வரலாற்று ஆசிரியர் செய்த தவறு அவ்வளவுதான்.

“கரையான் அரிச்சிருக்கும்மா” என்றேன்.

ஆமாம். சொன்னேன். வாய் கூசவில்லை.

ரோஸ்பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “செதலு அளவெடுத்தா சாரே திங்கும்? எவனோ பிளேடு வச்சு வெட்டியிருக்கான். அவனுக்க கை வெளங்குமா?”

அந்தக் கையை மெதுவாக ஜிப்பா பையில் விட்டுக்கொண்டேன்.

அவர் அதோடு போய்விடவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். மலாயாவிலிருந்து எவர் வந்தாலும் சின்ன வயதில் ஓடிப் போய்க் கேட்பாராம், ‘கல்லுவிளை சத்தியதாசைப் பாத்தியளா?’ என்று. பிள்ளைகள் எல்லாம் நாகர்கோவிலில் வீடு கட்டிக் கூப்பிடுகிறார்கள். இவர் போகவில்லை. ஓடு உடைந்து ஒழுகுகிற அந்த வீட்டிலேயே இருக்கிறார்.

“அவருக்குத் தெரிஞ்ச அட்ரஸ் அது ஒண்ணுதானே சாரே? இனி வரமாட்டாருன்னு எனக்குத் தெரியாதா? நூறு வயசு ஆயிருக்கும். ஆனாலும்... எப்பம் செத்தாரு, எங்க செத்தாருன்னு ஒரு வரி தெரிஞ்சா வீட்டப் பூட்டிட்டுப் போயிருவேன்.”

வீட்டுக்கு வந்ததும் நேராகப் படத்தைக் கழற்றினேன்.

“இஞ்ச பாருங்க, மாமாவ என்னத்துக்கு எறக்குதியோ?” என்று மனைவி வந்தாள். சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவள் விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அப்பம் நாப்பது வருசமா நான் திருட்டுச் சாமானுக்கா வெளக்கு வச்சேன்?”

“படம் அப்பாவோடதுதான்...”

“மாமா ஸ்கூல்ல பென்சில் திருடின பயலுவள பெஞ்சு மேல ஏத்துவாவளாம். நீங்களே சொல்லியிருக்கியோ. இப்பம் ஏறுங்க.”

மறுநாள் காலையில் படத்தோடு வேலப்பன் முன்னால் போய் நின்றேன். அவர் நல்ல மனிதர். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனால், “பசை எது சார், மைதாவா?” என்று கேட்டார். அட்டையின் பின்பக்கம் ஈரத்துணி போட்டு, ஊற விட்டு, தகடு தகடாக அட்டையை உரித்தார். நான் கூடவே உட்கார்ந்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாமல் மூன்று மணி வரை இரண்டு பேரும் அதையே செய்தோம். அங்கங்கே சில எழுத்துகள் அட்டையோடு போய்விட்டன. மற்றபடி நாலாம் பக்கம் மெல்ல வெளியே வந்தது. பெயர், வீட்டுப் பெயர், ஊர், ஒரு வரித் தகவல். ‘ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையில் காய்ச்சலில் இறந்தார்.’ ‘சயாமில் இறந்தார்.’ ‘தெரியவில்லை.’ ‘சயாமில்.’ அப்பாவின் தேநீர் விருந்துக்குப் பின்னால் இத்தனை பேர் வரிசையாகப் படுத்திருந்தார்கள். அந்தப் பக்கம்தான் நாற்பது வருடமும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சத்தியதாஸ் கிடைத்தார். படித்துவிட்டு நானும் வேலப்பனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அவர் பதிவேட்டை எடுத்து எழுதினார்: ‘நன்கொடை வழங்கியவர்’ — அதற்கு நேரே என் பெயர்.

“வேலப்பன், இது நன்கொடையா? திருடினவர்னு எழுதுங்க.”

“அதுக்கு இதுல எடம் இல்ல சார்.”

இரண்டு நாள் கழித்து ரோஸ்பாய் வந்தார். தாளைக் காட்டுவதற்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். சொன்னேன். வெட்டினது நான், கரையான் என்று பொய் சொன்னதும் நான்.

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு, “நீராக்கும் அது?” என்றார்.

அதுவரைக்கும் ‘நீங்க’. அதற்குப் பிறகு ‘நீரு’. அந்த ஒரு சொல் மாற்றத்துக்கு மேல் எந்த நீதிமன்றமும் எனக்குத் தண்டனை கொடுத்துவிட முடியாது.

“கொண்டாரும், பாக்கட்டு.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே வாசித்தார், சத்தமாக.

“சத்தியதாஸ், கல்லுவிளை வீடு, குலசேகரம். மலாயாவில் ஈப்போ பக்கம் சுகமாயிருக்கிறார். அங்கேயே குடும்பமாகிவிட்டார். ஊர் திரும்பும் உத்தேசமில்லை என்றார்.”

மறுபடியும் வாசித்தார். இந்த முறை சத்தம் வரவில்லை.

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். இருந்தேனா? எனக்குள் ஓர் ஓரத்தில் சின்னதாக ஒரு நிம்மதி முளைத்திருந்தது என்பதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன். அதுதான் பேச வைத்தது.

“ஒரு வகையில... இந்தப் பக்கம் இல்லாமப் போனதால உங்க அம்மா இதைத் தெரிஞ்சுக்காமலே...”

“நிறுத்தும்!” என்றார். வாசிப்பறையில் எல்லாரும் திரும்பினார்கள். “பேப்பர் வந்தப்ப உம்ம பிளேடு எங்க இருந்துது? எங்க கோயில்ல ஞாயித்துக்கிழமை காணாமப் போனவியளுக்கு வேண்டி பேரு சொல்லி ஜெபம் பண்ணுவாவ. அம்மை ஒரு நாளும் அப்பனுக்க பேரக் குடுத்ததில்ல. எதுக்குன்னு எனக்கு இப்பமாக்கும் வெளங்குது. அவளுக்குத் தெரியும். நீரு வெட்டினதுல அம்மைக்கு ஒண்ணும் மறையல்ல. எனக்குத்தான் மறைஞ்சுது.”

முளைத்தது அங்கேயே கருகிவிட்டது. நல்லதுதான்.

எழுந்து போகும்போது வேலப்பனிடம் சொன்னார்: “இத கம்ப்யூட்டர்ல ஏத்தாண்டாம். எனக்க பேரப்பிள்ளைக பாக்கும்.”

வேலப்பன் என்னைப் பார்த்தார். நான்தானே தலைவர்? ‘ஒரு பக்கம் தொலைந்தால் ஓர் ஊரே தொலைந்த மாதிரி’ — மூன்று நாளைக்கு முன்னால் நான் பேசியது. அந்தப் பட்டியலில் இன்னும் முப்பது நாற்பது குடும்பங்களுக்குச் செய்தி இருக்கிறது. அதை எல்லாம் எடுத்துச் சொல்லலாம். யார் சொல்வது? என் சொந்த அப்பாவுக்காக யாரையும் கேட்காமல் வெட்டியவன், இந்த அம்மாவின் அப்பாவை மட்டும் ஊரறிய வைக்க வேண்டும் என்று வாதாட முடியுமா?

“ஏத்தல்லம்மா” என்றேன். “நீங்க சொல்லாம ஏத்த மாட்டோம்.”

திருடியதைச் சொல்லி, தலைவர் பதவியை விட்டுவிடுகிறேன் என்று அன்றைக்கே கடிதம் எழுதிக் கொடுத்தேன். கமிட்டியில் அதை ஏற்கவில்லை. ‘ஐயாவின் பெருந்தன்மை’ என்று தீர்மானம் போட்டார்கள்! இந்த நாட்டில் ஒரு மனிதன் கெட்டவன் என்று பெயரெடுக்கக் கொஞ்சம் சிபாரிசு வேண்டும் போலிருக்கிறது.

பத்து நாள் போயிருக்கும். ரோஸ்பாய் மறுபடி வந்தார். உட்காரவில்லை.

“ஏத்தும்” என்றார். “மத்தவியளும் என்னைப்போலத் தேடிட்டுத்தானே இருப்பாவ? அவியளுக்காச்சும் ஒரு வரி கெடைக்கட்டும். வீட்டப் பூட்டியாச்சு. வர்ற மாசம் மகனுக்க கூடப் போறேன். ஆனா ஒரு காரியம்.”

“சொல்லுங்கம்மா.”

“விட்டுட்டுப் போன ஆளுக்க பேரு பேப்பர்ல இருக்கு, கம்ப்யூட்டர்ல இருக்கப் போவுது. எனக்க அம்மைக்க பேரு எங்க இருக்கு? ரேஷன் கார்டுல இருந்துது, அதுவும் செத்த பெறகு வெட்டிப்புட்டாவ. அவளப் பத்தி நான் சொல்லுதேன், நீரு எழுதும். அந்தப் பக்கத்துக்குக் கூடவே வையும்.”

அன்று மத்தியானம் எழுத உட்கார்ந்தோம். நான் தாளைத் திருப்பி எழுதப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார். “பொறத்துல ஒண்ணும் எழுதாண்டாம். உம்ம மாதிரி ஒரு ஆளு நாளைக்கும் வருவான்.”

நேசம்மை என்று பெயர் எழுதி, அழகாகத் தொடங்கினேன். ‘கணவரின் வருகைக்காகக் கண்ணீரோடு காத்திருந்த அந்த மாதரசி...’

வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“யாரு காத்திருந்தா?” என்றார். “அழியும் அத. காத்திருந்தது நானாக்கும். அம்மை நான் தவழுததுக்கு முன்னயே கத்தியெடுத்து ரப்பர் பால் வெட்டப் போனா. விடியதுக்குள்ள முன்னூறு மரம் வெட்டுவா. ஆம்பிளைக்க வேலையின்னு கங்காணி வெரட்டினான், அவ போவல்ல. என்னைய பத்து வரைக்கும் படிக்க வச்சா. இவ்வளவுதான். கண்ணீரும் கிண்ணீரும் ஒண்ணும் சேர்க்காண்டாம்.”

மாதரசியை அடித்தேன். கண்ணீரை அடித்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதி, அடியில் அவரிடம் கையெழுத்து வாங்கினேன்.

என் எழுத்து நடைக்குக் கொஞ்சம் சேதம்தான். நேசம்மைக்கு ஒன்றும் ஆகவில்லை.